எந்தத் தண்ணீர் என்று முதலில் கேள்

அன்பு மகளுக்கு,

பாப்பாவுக்குக் கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது என்று நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பல்லேதான். ஏழாவது மாதத்தில் முதல் பல் வருவது சரியான கணக்கு. சில குழந்தைகளுக்கு ஒரு வயது வரை கூட இழுக்கும், அதற்கும் பயப்படத் தேவையில்லை. "எந்த பேஸ்ட் வாங்கட்டும் பெரியம்மா?" என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பிறகு வருகிறேன். தொப்பூருக்கு மருமகளாகப் போயிருக்கிற உன்னிடம் நான் முதலில் கேட்க வேண்டியது வேறு. உங்கள் வீட்டில் சோறு எந்தத் தண்ணீரில் வேகிறது?

உங்கள் வீட்டுக்கு வந்தபோது கவனித்தேன். வாசலில் ஒகேனக்கல் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. மாடித் தொட்டிக்கு போர் தண்ணீர் ஏறுகிறது. குடிப்பதற்குக் குழாயில் பிடித்துக் குடத்தில் மூடி வைத்திருக்கிறீர்கள். அடுப்படிச் சிங்கில் வருவதோ தொட்டித் தண்ணீர். அரிசி களைவதும், உலை வைப்பதும், களி கிண்டுவதும், பாப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சுவதும் அதில்தான். தர்மபுரி மாவட்டத்தில் நான் பல் டாக்டராக வேலை பார்த்த காலம் முழுக்க வீட்டுக்கு வீடு இதைப் பார்த்திருக்கிறேன். குடிக்கும் தண்ணீரில் காட்டும் கவனம் சமைக்கும் தண்ணீரில் இருக்காது. களி கிண்டும்போது ஊற்றும் தண்ணீர் அத்தனையும் களிக்குள்ளேதான் போகிறது. வடிக்காமல் பொங்கும் சோறும் அப்படித்தான்.

நம் மாவட்டத்துப் பாறையில் ஃப்ளோரைடு உள்ள தாதுக்கள் கலந்திருக்கின்றன. மழைத் தண்ணீர் கருங்கல் வெடிப்புகளுக்குள் இறங்கி, ஆண்டுக்கணக்கில் பாறையோடு உறவாடி, அதைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. முன்பு திறந்த கிணற்றில் இறைத்தோம். மழை பொய்க்கப் பொய்க்க ஆழ்துளை போட்டோம். இன்று சில இடங்களில் ஆயிரம் அடியைத் தாண்டிப் போகிறார்கள். ஆழத்தில் பாறையோடு நெடுங்காலம் கிடந்த தண்ணீரில் ஃப்ளோரைடு கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லை. உலக சுகாதார நிறுவனமும் 1.5 என்றுதான் சொல்கிறது.

இதில் மோசமான விஷயம், நாக்குக்கு அது தெரியாது. உப்புத் தண்ணீரை ஒரு வாய் குடித்தால் துப்பிவிடுவோம். ஃப்ளோரைடுக்கு நிறம், மணம், சுவை எதுவும் கிடையாது. சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணீரில்தான் அது அதிகம் கரைந்து நிற்கும். அதனால் பருப்பு நன்றாக வேகிறது, சோப்பு நன்றாக நுரைக்கிறது என்று நாம் மெச்சுகிற தண்ணீரிலேயே பல நேரம் ஃப்ளோரைடு கூடியிருக்கும். எல்லா போரிலும் இருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு தெருவில் ஒரு போர் நன்றாக இருக்கும், நாலு வீடு தள்ளி இன்னொன்று எல்லை மீறியிருக்கும். சோதித்துப் பார்த்தால் ஒழிய யாராலும் சொல்ல முடியாது.

பல்லுக்கு இது என்ன செய்கிறது என்பதை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். பல் வாயில் தெரிவதற்கு வெகுநாள் முன்பே தாடைக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. பால் பற்களின் அரும்பு தாயின் வயிற்றிலேயே, இரண்டாவது மாதத்திலேயே தோன்றுகிறது. நிலைப்பற்களில் முதல் கடைவாய்ப்பல் பிறந்த வேளையில் கெட்டிப்படத் தொடங்குகிறது. மேல் வரிசை முன்பற்களின் எனாமல் நாலைந்து வயதுக்குள் தாடைக்குள்ளேயே முடிந்துவிடும். ஆனால் அந்தப் பல் வெளியே வந்து நாம் பார்ப்பது ஏழு, எட்டு வயதில். இந்த இடைக்காலத்தில் உடம்பில் ஃப்ளோரைடு கூடிப்போனால் எனாமல் முழுமையாகக் கெட்டிப்படாது. லேசாக இருந்தால் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளைத் திட்டு. கூடினால் மஞ்சள், பழுப்புக் கறை. இன்னும் கூடினால் பல் மேலேயே குழி விழும். எனாமலை உண்டாக்கும் செல்கள் பல் வெளியே வரும்போதே மடிந்துவிடுவதால் உடம்பு அதைத் திரும்பச் செப்பனிடாது. முன்பற்களைப் பொறுத்தவரை ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயது வரையான காலம் மிகவும் முக்கியம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். உன் பாப்பா அடுத்த வருஷம் அந்தப் படியில் ஏறப்போகிறாள். அதனால்தான் இந்தக் கடிதத்தை இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

எட்டு வயதைக் கடந்துவிட்டால் பல்லில் புதிதாகக் கறை ஏறும் ஆபத்து கிட்டத்தட்ட நீங்கிவிடும். பிறகு எவ்வளவு ஃப்ளோரைடுத் தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்துவிட்ட பல் மாறாது. எலும்பையும் மூட்டையும் அது பிடிப்பது வேறு கதை. அதனால் பெரியவர்களுக்கும் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

இந்தக் கறையின் வரலாறு நம் பக்கத்திலும் பழையது. அமெரிக்காவில் கொலராடோ மலைப்பகுதியில் மெக்கே என்ற பல் மருத்துவர் பிள்ளைகளின் பழுப்புப் பற்களைப் பார்த்து, காரணம் தேடி முப்பது ஆண்டுகள் அலைந்தார். தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடு என்று 1931-ல்தான் தெரிந்தது. அதற்கு ஆறே ஆண்டில், 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் மனிதர்களின் எலும்பையும் பல்லையும் இது தாக்கியிருப்பதை மருத்துவர்கள் எழுதி வெளியிட்டார்கள். மத்திய அரசு ஃப்ளோரோசிஸ் எனப்படும் இந்த நோயின் தடுப்புக்கென்று 2008-09-ல் தனித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்கு எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டம் நம் தர்மபுரி. அந்தத் திட்டத்தில் ஓர் ஊரில் கணக்கெடுக்கப் போனால் பள்ளிக்கூடத்தில் 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்ப்பார்கள். அந்த ஊர் சில ஆண்டுகளுக்கு முன் என்ன தண்ணீர் குடித்தது என்பதை அந்தப் பற்கள் சொல்லிவிடும்.

உங்கள் வீட்டிலேயே அது எழுதியிருக்கிறது. பல்லில் கறை உள்ள உன் மூத்தார் மகள் 2010-ல் பிறந்தவள். ஜப்பான் நிதியுதவியோடு 1,928 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013 மே மாதம்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதாவது அவளுடைய முன்பற்கள் தாடைக்குள் உருவான முக்கியமான காலத்தில் அவள் குடித்தது போர் தண்ணீர். அவள் தம்பி பிறந்தபோது வாசலில் காவிரித் தண்ணீர் வந்துவிட்டது. அவனுக்குப் புதிதாக வந்திருக்கும் கீழ் முன்பற்களைப் போன தடவை பார்த்தேன், நன்றாக வெள்ளையாக இருக்கின்றன. ஒரே வீடு, ஒரே அடுப்படி, ஒரே ரத்தம். நடுவில் ஒரு குழாய் வந்தது. ஒரு திட்டத்தின் பெயரிலேயே நோயின் பெயரையும் வைத்துக் கட்டியது தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்காகத்தான். அந்தத் தண்ணீரின் அருமையை அறிந்து பயன்படுத்த வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பாப்பாவுக்கும் மூத்தார் பையனுக்கும் போகிற சோறு, களி, கஞ்சி, ரசம், பால் பவுடர் எதுவானாலும் குழாய்த் தண்ணீரில் மட்டும் சமைக்க வேண்டும். போர் தண்ணீர் துணி துவைக்க, பாத்திரம் கழுவ, குளிக்க இருக்கட்டும். அதற்கு அது கெடுதல் செய்யாது. ஒகேனக்கல் தண்ணீர் வராத நாட்களுக்கென்று ஒரு டிரம்மில் மூடிச் சேமித்து வை. சில ஊர்களில் தண்ணீர் பற்றாதபோது மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் சேர்த்து ஏற்றுவது உண்டு. உங்கள் தொட்டியில் அப்படிச் செய்கிறார்களா என்று தண்ணீர் திறந்துவிடுபவரிடம் கேள். கேட்பதில் கூச்சப்படாதே.

கொதிக்க வைத்தால் போய்விடும் என்று உன் மாமியார் சொன்னதாக எழுதியிருக்கிறாய். கிருமிக்கு அது சரியான வழி. ஃப்ளோரைடு கொதியில் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட மிச்சத்தில் அது இன்னும் கூடும். சம்பந்தியம்மா பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். அவரிடம் எதிர்த்துப் பேசாமல், குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுத்தால் இரண்டு பேர் பேச்சும் நிற்கும். ஆர்ஓ இயந்திரம் ஃப்ளோரைடைப் பெருமளவு எடுத்துவிடும். ஆனால் அது வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரில் அத்தனையும் சேர்ந்திருக்கும். வீணாகிறதே என்று அதைப் பிடித்துச் சமைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

பாப்பாவுக்கு ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் கொடுத்தாயே, பல்லுக்கும் அதுதான் முதல் காவல். தாய் எவ்வளவு ஃப்ளோரைடு குடித்தாலும் பாலில் மிக மிகச் சொற்பமே வரும், உடம்பே வடிகட்டி விடுகிறது. போர் தண்ணீரில் கரைத்த பால் பவுடர் குடிக்கும் குழந்தைக்கோ அதன் எடையோடு ஒப்பிட்டால் பல மடங்கு அதிகமாக உள்ளே போய்விடும். இரண்டு வயது வரை தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடு. சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் குடலில் ஃப்ளோரைடைப் பிடித்து வெளியே தள்ளும். நம் ஊர் கேழ்வரகில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரையிலும் நிறைய உண்டு. நெல்லிக்காய், கொய்யா இரண்டும் பிள்ளைகளுக்கு அவசியம். புளியைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பள்ளி மாணவர்களுக்குப் புளி கொடுத்துப் பார்த்ததில் சிறுநீரில் ஃப்ளோரைடு கூடுதலாக வெளியேறியதாக 2002-ல் எழுதியிருக்கிறார்கள். புளியமரம் நிறைந்த மாவட்டம் நம்முடையது என்பதால் அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காகப் புளியை மருந்தாக எண்ணிவிடாதே. தண்ணீரை மாற்றாமல் புளி கரைத்துக் கொடுப்பதில் பயனில்லை.

சரி, பேஸ்ட். முதல் பல் வந்த நாளிலிருந்து மென்மையான சிறு பிரஷ்ஷால் காலையும் இரவும் தேய்க்க வேண்டும். அதுவரை சுத்தமான வெள்ளைத் துணியை விரலில் சுற்றி நனைத்து ஈறைத் துடைத்து வந்தாய் அல்லவா, அது நல்ல பழக்கம். ஃப்ளோரைடு கறையை உண்டாக்கும் என்றால் ஃப்ளோரைடு பேஸ்ட் எதற்கு என்று உனக்குத் தோன்றும். நியாயமான கேள்வி. அளவாக, பல்லின் மேல்புறத்தில் படும் ஃப்ளோரைடு சொத்தையைத் தடுக்கிறது. அளவுக்கு மேல் வயிற்றுக்குள் போவது உருவாகிக்கொண்டிருக்கும் பல்லைக் கெடுக்கிறது. நம் நாட்டுச் சட்டப்படி பேஸ்டில் ஆயிரம் பங்குக்கு ஒரு பங்குதான் ஃப்ளோரைடு இருக்கலாம். மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு பேஸ்ட் போதும். அதைக் குழந்தை முழுதும் விழுங்கினாலும் உள்ளே போவது சுமார் 0.1 மில்லிகிராம். ஒரு லிட்டரில் 2 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரை அந்தக் குழந்தை அரை லிட்டர் குடித்தால் 1 மில்லிகிராம், அதாவது பத்து மடங்கு. எதை நிறுத்த வேண்டும் என்று நீயே சொல்.

இதில் டாக்டர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஃப்ளோரைடு மிகுந்த ஊர்களில் சின்னக் குழந்தைகளுக்கு அது இல்லாத பேஸ்டே போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். போர் தண்ணீரை விட்டால் வேறு கதியில்லாத வீட்டுக்கு நானும் அதையே சொல்வேன். உன் வீட்டில் குழாய்த் தண்ணீரை முழுமையாகக் கடைப்பிடிக்க முடியுமென்றால் அரிசி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் என்பது என் முடிவு. மூன்று வயதுக்குமேல் பட்டாணி அளவு, துப்பப் பழக்கிய பிறகு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலையலையாகப் பிதுக்குவார்கள், அது விற்பனைக்கு. ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று தேய்த்துவிட வேண்டும். பேஸ்டை மிட்டாய்போல நக்கும் பிள்ளைகள் உண்டு, டியூபை எட்டாத உயரத்தில் வை. சாம்பல், கரித்தூள், செங்கல் பொடி, சிவப்புப் பல்பொடி எதுவும் வேண்டாம், எல்லாம் எனாமலை அரம்போல அராவும். சில பல்பொடிகளில் புகையிலை கலந்து விற்றதால்தான் 1992-ல் மத்திய அரசு அப்படிக் கலப்பதற்குத் தடை போட்டது.

குழந்தைகளின் முன்பல்லைச் சொத்தையாக்குவது பெரும்பாலும் ராத்திரிப் புட்டிப்பால். சர்க்கரை போட்ட பாலை வாயில் வைத்தபடி தூங்கினால், தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறைவதால் அந்த இனிப்பு விடிய விடியப் பல்லில் கிடக்கும். இரண்டு வயதில் மேல் பற்கள் வரிசையாகப் பழுப்பாகி உடைந்து போன குழந்தைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். பாலுக்குச் சர்க்கரை வேண்டாம், ஒரு வயதில் டம்ளருக்கு மாற்று. சூப்பானில் தேன் தடவுவதை யார் சொன்னாலும் கேட்காதே. பல்லுக்கு மட்டும் கேடில்லை, ஒரு வயதுக்குள் தேன் உயிருக்கே ஆபத்தான நோயைக் கொண்டுவரலாம். நீ கடித்து மென்று ஊட்டுவதையும் நிறுத்து. உன் வாயில் சொத்தைக் கிருமி இருந்தால் அது பாப்பாவுக்குப் போகும். உன் பின்பல்லில் ஒரு குழி இருக்கிறதே, அதை முதலில் அடைத்துக்கொள்.

பல் முளைக்கும்போது எச்சில் வடியும், எதையாவது கடிக்கப் பார்க்கும், ஒன்றிரண்டு நாள் அழும். அவ்வளவுதான். "பல்லு மொளைக்குது, அதான் பேதி" என்று விட்டுவிடுவது நம் பக்கத்தில் பெரிய வழக்கம். பேதிக்குக் காரணம் தரையில் கிடந்ததை வாயில் வைப்பது. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடு, காய்ச்சல் இருந்தாலோ குழந்தை துவண்டாலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. பல்லின் பெயரைச் சொல்லித் தாமதித்து வந்த குழந்தைகளை நினைத்தால் இன்னும் மனசு பதறுகிறது.

பையனைப் பற்றி இப்போது. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் நாலு மூலையிலும் ஒவ்வொரு பெரிய பல் முளைக்கும். பல் விழாததால் இதையும் பால் பல் என்றே வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். வாழ்நாள் முழுக்க மெல்லப் போகிற நிலைப்பல் அதுதான். ஆழமான பள்ளங்களோடு வருவதால் மற்றெல்லாவற்றுக்கும் முந்திச் சொத்தையாவதும் அதுதான். பத்து வயதில் அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வருகிற பிள்ளையைப் பார்ப்பது என் தொழிலில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த காரியம். பல் முழுதாக வெளியே வந்ததும் பள்ளங்களின் மேல் பூச்சு வைத்து அடைத்துவிடலாம். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் பல் பிரிவில் இதைக் கேளுங்கள்.

"பால் பல்லுதானே, விழுந்துடும்" என்று உன் ஓரகத்தி சொல்லுவாள். அவன் பின்பக்கத்துப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை. அவை சொத்தையாகிச் சீழ் பிடித்தால் அடியில் உருவாகும் நிலைப்பல்லும் கெடும். முன்கூட்டியே பிடுங்கினால் அந்த இடத்துக்குப் பக்கத்துப் பல் சாய்ந்து, வரவேண்டிய பல்லுக்கு வழி இல்லாமல் போகும். கோணல் பல்லுக்குக் கம்பி கட்டும் செலவில் ஒரு பங்கு இங்கேதான் தொடங்குகிறது. அவனுக்குக் கீழே பால் பல் விழும் முன்பே பின்னால் புதுப்பல் வந்து இரண்டு வரிசையாகத் தெரிந்தால் பதற வேண்டாம். பால் பல் ஆடிக்கொண்டிருந்தால் தானே விழும், நாக்கு தள்ளி மற்றதைச் சரிசெய்துவிடும். சாப்பாட்டில் ஒன்றே ஒன்று கவனியுங்கள். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். பள்ளிவிட்டு வரும்போது ஒன்று, படிக்கும்போது ஒன்று, டிவி பார்க்கும்போது ஒன்று என்று பிஸ்கட்டும் குச்சி மிட்டாயும் போய்க்கொண்டே இருந்தால் பல்லுக்கு ஓய்வே இருக்காது. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்து முடித்துவிடுங்கள்.

அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் பிள்ளைகளைப் பார்க்க டாக்டர் குழு வரும். 2013-லிருந்து நடக்கும் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் பல் நோயும் அடங்கும். அவர்கள் வரும் நாளில் பையனுக்கு லீவு போடாதீர்கள். சீட்டு எழுதிக் கொடுத்தால் அலமாரியில் வைத்துவிடாமல் கொண்டு போங்கள்.

உன் மூத்தார் மகளைத்தான் நான் மிகவும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டு விசேஷத்தில் போட்டோ எடுத்தபோது துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். "நல்லா வெளக்கினா போகும்" என்று யாரோ பின்னால் சொன்னது அவள் காதில் விழுந்தது, முகம் சுருங்கியது. அவளிடம் நீ தனியாக உட்கார்ந்து பேசு. அது அழுக்கு இல்லை என்று சொல். அவள் பல் தேய்க்காததால் வந்தது இல்லை, அவள் அம்மாவின் கவனக்குறைவும் இல்லை. அவள் குழந்தையாக இருந்தபோது ஊருக்குக் கிடைத்த தண்ணீர் அது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அவள் வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதே பற்களோடு படித்து, வேலைக்குப் போய், நன்றாக இருக்கிறார்கள். எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்க்கிறாள் என்றாயே, அதை உடனே நிறுத்தச் சொல். அமிலம் இருக்கிற எனாமலையும் தின்றுவிடும். கடையில் விற்கும் வெளுப்புப் பொடியும் வேண்டாம்.

அவளுக்குச் செய்வதற்கு வழி இருக்கிறது. கறை மேலோட்டமாக இருந்தால் பல் டாக்டர் மிக மெல்லிய அளவு சுரண்டி எடுத்தே பெரிய வித்தியாசம் காட்டலாம். அதற்கும் மேல் வெளுப்புச் சிகிச்சை, பல் நிறத்திலேயே பூச்சு வைப்பது என்று படிப்படியாக உண்டு. குழி விழுந்த இடங்களில் அழுக்குத் தங்கிச் சொத்தை பிடிக்கும் என்பதால் அதை அடைத்தே ஆக வேண்டும். பல்லைச் சுற்றிலும் செதுக்கி உறை மாட்டலாம் என்று யாராவது இந்த வயதில் சொன்னால் சரி என்று தலையாட்டாதே. செதுக்கிய பல்லைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பதினெட்டு, இருபது வயது வரை பொறுத்து, ஈறும் கடியும் நிலைத்த பிறகு யோசிக்கலாம். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் என்னிடம் அழைத்துக்கொண்டு வா. சேலத்தில் எனக்குத் தெரிந்த டாக்டரிடம் நானே கூட்டிப் போகிறேன்.

உன் கொழுந்தன் பிளஸ் டூ படிக்கிறான். தொப்பூர்க் கணவாய் ஏறி இறங்கும் லாரிகளுக்காக நெடுஞ்சாலை நெடுகப் பெட்டிக்கடைகள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்கும் புகையிலைப் பொட்டலம் அங்கே பையன்கள் கைக்கு எளிதாக வந்துவிடுகிறது. புகை இல்லை, நாற்றம் இல்லை, வீட்டில் தெரியாது. அவன் சிரிக்கும்போது கீழ் உதட்டின் உள்பக்கம் வெள்ளையாகச் சுருங்கியிருக்கிறதா என்று உன் வீட்டுக்காரரைப் பார்க்கச் சொல். அதட்டாமல் கேட்கச் சொல். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் புகையிலை விற்பதும், பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கஜத்துக்குள் விற்பதும் 2003-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெரியவர்கள் யாராவது ஒருவர் கடைக்காரரிடம் போய் நின்று சொன்னால் போதும், ஊரில் அது வேலை செய்யும்.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள். பைக்கில் விழுந்தோ விளையாட்டிலோ முன்பல் முழுதாகக் கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கிருந்தால் தேய்க்காமல் ஒரு தடவை அலசிவிட்டு இருந்த குழியிலேயே வைத்து மெல்லக் கடித்துக்கொள்ளச் சொல்லலாம். முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போய்விட வேண்டும். அரை மணி என்றால் இன்னும் நல்லது. திரும்ப ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. டீக்கடை இல்லாத இடம் உங்கள் சாலையில் இல்லை, பால் எங்கும் கிடைக்கும். இது நிலைப்பல்லுக்கு மட்டும். பையனின் பால் பல் விழுந்தால் திரும்பச் செருகக் கூடாது, வழக்கப்படி கூரை மேல் போட்டுக்கொள்ளட்டும்.

நீ இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த வாரம் ஒன்றைச் செய். இரண்டு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து, ஒன்றில் மாடித் தொட்டித் தண்ணீரும் மற்றொன்றில் வாசல் குழாய்த் தண்ணீரும் பிடித்து, மேலே பெயரும் தேதியும் எழுதி, உன் வீட்டுக்காரர் தர்மபுரிக்கு வேலைக்குப் போகும்போது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கச் சொல். ஊராட்சியில் தண்ணீர் சோதிக்கும் பெட்டி இருந்தால் அதிலும் பார்க்கலாம். ஃப்ளோரைடு எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் எனக்கு எழுது. 1-க்குக் கீழே வந்தால் நிம்மதி. 1.5-க்கு மேல் வந்தால் அந்தத் தாளைப் படம் எடுத்து அடுப்படிச் சுவரில் ஒட்டி, சிங்க் குழாயில் பிடித்துச் சமைப்பதை அன்றோடு நிறுத்திவிடுங்கள். பாப்பாவை ஒரு வயது முடிவதற்குள் ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டிவிடு.

உன் மாமனார், மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பெரியம்மா